ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர்

நர்ஸ் போதவில்லை என்று அமெரிக்க மருத்துவமனைகள் கேரளத்திலும் பிலிப்பைன்ஸிலும் ஆள் தேடுவது நமக்குத் தெரிந்த கதை. அதே நாட்டில் நர்ஸ் ஆக விரும்பி, உரிய மதிப்பெண்ணும் வாங்கி விண்ணப்பிப்பவர்களை நர்சிங் கல்லூரிகள் இடமில்லை என்று திருப்பி அனுப்புகின்றன என்பது அவ்வளவாகத் தெரியாத கதை. தகுதி இருந்தும் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள் 2021இல் 91,938 என்றும், 2023இல் 65,766 என்றும் அமெரிக்க நர்சிங் கல்லூரிகளின் சங்கம் கணக்கிட்டது. ஒருவரே நாலைந்து கல்லூரிகளுக்கு எழுதிப் போட்டிருக்கலாம் என்பதால் இவை ஆள் கணக்கு அல்ல, விண்ணப்பக் கணக்கு. அப்படியே வைத்துக்கொண்டாலும், மருத்துவமனை ஆள் தேடி அலையும் ஊரிலேயே அந்த வேலைக்குப் படிக்க வந்தவருக்குக் கதவு அடைக்கப்படுவது விசித்திரம்தான்.

கட்டடம் போதாது, பயிற்சி தர வார்டு கிடைக்கவில்லை, நிதி இல்லை என்று கல்லூரிகள் பல காரணங்களை அடுக்குகின்றன. ஆண்டுதோறும் தவறாமல் அந்தப் பட்டியலில் இருக்கும் காரணம், கற்றுத்தர ஆசிரியர் இல்லை என்பது. 2023இல் அந்தச் சங்கம் 922 கல்லூரிகளிடம் கேட்டபோது, 1,977 முழுநேர ஆசிரியர் பணியிடங்கள் காலியாக இருந்தன. அதாவது நூற்றுக்கு எட்டு இடம். எட்டு விழுக்காடு என்றால் சிறிய ஓட்டையாகத் தெரியும். இந்தத் தொழிலில் அது ஏன் சிறிய ஓட்டை இல்லை என்பதற்கு வார்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

பத்துக்கு மேல் முடியாது

வரலாறோ பொருளாதாரமோ என்றால், ஒரே ஆசிரியர் நானூறு பேருக்குப் பாடம் நடத்தலாம். ஒலிபெருக்கி வைத்தால் எண்ணூறு பேருக்கும் நடத்தலாம். நர்சிங் படிப்பின் பாதி உயிர் வகுப்பறையில் இல்லை. வார்டு போஸ்டிங்கில் இருக்கிறது. அங்கே மாணவி கையிலெடுப்பது உண்மையான ஊசி, எதிரே படுத்திருப்பவர் உண்மையான நோயாளி. மருந்து கொடுக்கும் முன் சரியான நோயாளியா, சரியான மருந்தா, சரியான அளவா, சரியான வழியா, சரியான நேரமா என்று ஐந்தையும் சரிபார்க்க வேண்டும். மாணவி சரிபார்த்தாளா என்பதை ஆசிரியர் சரிபார்க்க வேண்டும். தவறினால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

இதனால்தான் பல அமெரிக்க மாநிலங்களில், வார்டில் ஓர் ஆசிரியரின் கீழ் இத்தனை மாணவர்தான் இருக்கலாம் என்று விதி உண்டு. பெரும்பாலும் எட்டு அல்லது பத்து. பத்து மாணவர், ஆளுக்கு இரண்டு நோயாளி என்று வைத்தால் ஆசிரியரின் கண் ஒரே காலையில் இருபது படுக்கைகளின் மேல் இருந்தாக வேண்டும். இந்த எண்ணிக்கையை எந்தத் தொழில்நுட்பமும் நானூறு ஆக்கிவிட முடியாது. ஆகவே ஆசிரியர் ஒருவர் குறைந்தால் வகுப்பில் கூட்டம் கூடுவதில்லை. பத்து இடங்கள் அப்படியே மறைந்துபோகின்றன.

அந்தப் பத்து இடங்களின் மதிப்பைத் தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். நான்காண்டுப் படிப்பில் பத்து இடம் என்றால் ஆண்டுக்கு இரண்டரை பட்டதாரிகள். ஆசிரியர் இருபதாண்டு பணியாற்றினால் ஐம்பது நர்ஸுகள். ஒவ்வொருவரும் முப்பதாண்டு, ஆண்டுக்கு இருநூறு ஷிப்ட், ஷிப்டுக்கு ஐந்து நோயாளி என்று பார்த்தால் மொத்தம் 15 லட்சம் முறை யாரோ ஒரு நோயாளியின் அருகில் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ் நிற்கிறார். காலியாகக் கிடக்கும் ஒரே ஒரு நாற்காலியின் எடை இது.

அருகில் நர்ஸ் நிற்பதற்கும் நிற்காததற்கும் உள்ள வேறுபாட்டையும் அளந்திருக்கிறார்கள். லிண்டா எய்க்கன் தலைமையிலான குழு ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டது. ஒரு நர்ஸின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது, அறுவை சிகிச்சை முடிந்தவர் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது என்றது அது.

தெரிந்தவர் எல்லாம் சொல்லித்தர முடியுமா?

பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள நர்ஸைக் கூப்பிட்டு வந்து ஆசிரியர் ஆக்கினால் போதாதா என்று தோன்றும். இங்கேதான் மனித மூளையின் ஒரு வேடிக்கை குறுக்கிடுகிறது. பட்ரீசியா பென்னர் என்ற அமெரிக்க நர்சிங் அறிஞர் 1984இல் வெளியிட்ட புத்தகத்தில், புதிதாக வந்தவர் தேர்ந்தவராக மாறும் பாதையை ஐந்து படிகளாகப் பிரித்தார். முதல் படியில் இருப்பவர் விதிகளைப் பிடித்துக்கொண்டு நடப்பார்: இரத்த அழுத்தம் இதற்குக் கீழே போனால் டாக்டரைக் கூப்பிடு, சிறுநீர் இந்த அளவுக்குக் குறைந்தால் எழுதிவை. ஐந்தாம் படியில் இருப்பவர் அறைக்குள் நுழைந்ததும் 'இவருக்கு ஏதோ சரியில்லை' என்பார். மானிட்டரில் எல்லா எண்ணும் ஒழுங்காக இருக்கும். ஒரு மணி நேரம் கழித்து அவர் சொன்னதுதான் சரி என்று தெரியவரும்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால் அவரால் பல சமயம் சொல்ல முடியாது. தோலின் நிறம், மூச்சின் தாளம், நேற்று பேசியதற்கும் இன்று பேசியதற்கும் உள்ள வித்தியாசம் என்று பத்து நுண்ணிய குறிப்புகளை மூளை தானே கூட்டிக் கழித்துவிடுகிறது. திறமை முதிர முதிர, அதன் படிகள் திறமையாளரின் கண்ணுக்கே மறைந்துபோகின்றன. அவற்றை மீண்டும் ஒவ்வொன்றாகப் பிரித்து, நேற்று வந்த மாணவிக்குப் புரியும் வரிசையில் வைப்பது தனிக் கலை. அதைப் பயிலத்தான் மேற்படிப்பு கேட்கிறார்கள். 2023இல் காலியாக இருந்த அந்த இடங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்குக்கு முனைவர் பட்டம் தேவை, அல்லது இருந்தால் முன்னுரிமை.

ஆனால் மேற்படிப்பு முடித்த நர்ஸுக்கு முன்னால் இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன. நோயாளிகளைப் பார்த்து மருந்து எழுதும் உரிமை பெற்ற நர்ஸ் பிராக்டிஷனராகப் போனால் 2022 வாக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,20,000 டாலர். முதுகலைப் பட்டத்தோடு கல்லூரியில் பேராசிரியராகவே உயர்ந்தாலும் 2022 கணக்குப்படி சராசரி 87,000 டாலரை ஒட்டித்தான். கடன் வாங்கிப் படித்தவர் எந்தக் கதவைத் தட்டுவார் என்று சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இருப்பவர்களுக்கோ வயதாகிறது. முனைவர் பட்டம் பெற்ற பேராசிரியர்களின் சராசரி வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அன்றிருந்த ஆசிரியர்களில் மூன்றில் ஒருவர் 2025க்குள் ஓய்வு பெற்றுவிடுவார் என்று 2017இல் வந்த ஓர் ஆய்வு கணித்தது. நர்ஸ் பற்றாக்குறை கூடக் கூட மருத்துவமனைகள் சம்பளத்தை உயர்த்துகின்றன. உயர்ந்த சம்பளம் ஆசிரியராக இருந்திருக்க வேண்டியவரையும் வார்டுக்கு இழுக்கிறது. அடுத்த ஆண்டு பற்றாக்குறை இன்னும் கூடுகிறது. பசிக்கு விதைநெல்லைக் குத்திச் சோறாக்கும் வேலை இது.

பயன் ஒருவருக்கு, செலவு வேறொருவருக்கு

மருத்துவமனைகளுக்கு இது தெரியாமல் இல்லை. அப்படியானால் அவர்களே ஆசிரியர் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிடலாமே? கொடுக்கலாம். ஆனால் ஒரு மருத்துவமனை பணம் கொடுத்து உருவாக்கிய நர்ஸ், பட்டம் வாங்கிய மறுநாள் எதிர்த் தெரு மருத்துவமனையில் சேரலாம். பணம் கொடுத்தவருக்கு நட்டம், கொடுக்காதவருக்கு இலாபம். ஆகவே ஒவ்வொருவரும் மற்றவர் கொடுக்கட்டும் என்று காத்திருப்பார்கள். கல்லூரிக்கோ, பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர் என்ற விதியால் நர்சிங் செலவு கூடிய துறை. யாருமே கெட்டவர் இல்லாமல், எல்லோரும் அவரவர் கணக்கைச் சரியாகப் போட்டதாலேயே நாற்காலி காலியாகிறது. சந்தை தானே தீர்க்காத சிக்கல்களில் இது ஒரு பாடநூல் எடுத்துக்காட்டு. அரசுக் கொள்கைக்கு வேலை வருவது இந்த இடத்தில்தான்.

அந்தக் கொள்கை சில சமயம் பழைய காலத்திலேயே உறைந்துபோய்விடுவதும் உண்டு. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 1965இல் வந்தபோது, அமெரிக்க நர்ஸுகளில் பெரும்பாலோர் மருத்துவமனைகளே நடத்திய பள்ளிகளில் படித்தார்கள். எனவே மெடிகேரும் மருத்துவமனை நடத்தும் நர்சிங் பள்ளிகளின் செலவில் பங்கு கொடுத்தது. பின்னர் படிப்பு கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் நகர்ந்தது, அந்தப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன; பணத்துக்கான விதி மட்டும் இடம்பெயரவில்லை. இளம் டாக்டர்களின் பயிற்சிக்கு மெடிகேர் ஆண்டுதோறும் பல நூறு கோடி டாலர் கொடுக்கிறது. நர்சிங் மேற்படிப்புக்கும் அப்படிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க 2010இல் வந்த மருத்துவச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ் ஐந்து மருத்துவமனைகளில் 20 கோடி டாலர் ஒதுக்கீட்டில் ஒரு சோதனைத் திட்டம் நடந்தது. சோதனையோடு அது நின்றது.

போர்க்காலத்தில் அமெரிக்க அரசு இவ்வளவு தயங்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் நர்ஸுகள் படையோடு போய்விட, உள்ளூர் வார்டுகள் வெறிச்சோடின. ஓஹையோவைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் பிரான்சிஸ் பெய்ன் போல்ட்டன் கொண்டுவந்த சட்டம் 1943இல் நடைமுறைக்கு வந்தது. நர்சிங் படிக்க வருபவருக்குக் கட்டணம் இல்லை, சீருடை உண்டு, மாதப்படி உண்டு; போர் முடியும்வரை இன்றியமையாத நர்சிங் பணியில் இருப்பேன் என்று ஒப்புக்கொண்டால் போதும். 36 மாதப் படிப்பு 30 மாதமாகச் சுருக்கப்பட்டது. இன வேறுபாடு காட்டக் கூடாது என்றும் சட்டத்தில் எழுதினார்கள். திட்டம் முடிவதற்குள் ஏறத்தாழ 1,24,000 பேர் பட்டயம் பெற்றார்கள். மாணவிகளுக்கு மட்டும் கொடுத்து நிறுத்தாமல், கற்பிக்கவும் மேற்பார்வையிடவும் கூடிய நர்ஸுகளின் மேற்படிப்புக்கும் அந்தச் சட்டம் பணம் ஒதுக்கியது. மாணவரைப் பெருக்குமுன் ஆசிரியரைப் பெருக்க வேண்டும் என்பது அன்று தெரிந்திருந்தது.

அமைதிக் காலத்தில் இதே எண்ணம் 2002இல் கடன் வடிவத்தில் திரும்பி வந்தது. அந்த ஆண்டுச் சட்டத்தில் பிறந்த நர்சிங் ஆசிரியர் கடன் திட்டத்தில், ஆசிரியராக விரும்பும் நர்ஸ் மேற்படிப்புக்குக் கல்லூரி வழியாகக் கடன் வாங்கலாம். படித்து முடித்து நர்சிங் பள்ளியில் முழுநேரம் கற்பித்தால், முதல் மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு 20 விழுக்காடும் நான்காம் ஆண்டில் 25 விழுக்காடும் கடன் தள்ளுபடி. நான்காண்டில் 85 விழுக்காடு கழிந்துவிடும். உள்ளே வர இது நல்ல தூண்டில். ஐந்தாம் ஆண்டிலும் சம்பள இடைவெளி அப்படியே இருக்கிறது என்பது இதன் எல்லை.

மேரிலாந்தின் கணக்கு

மற்றவர் கொடுக்கட்டும் என்று ஒவ்வொரு மருத்துவமனையும் காத்திருக்கும் சிக்கலை நேரடியாக அவிழ்த்தது மேரிலாந்து மாநிலம். அதற்கு அவர்களிடம் ஒரு தனிக்கருவி இருந்தது. அமெரிக்காவில் ஒரே அறுவை சிகிச்சைக்கு ஒரு காப்பீட்டு நிறுவனம் ஒரு விலையும் மற்றொன்று வேறு விலையும் கொடுப்பது வழக்கம். மேரிலாந்து 1971இல் ஓர் ஆணையத்தை அமைத்து, மருத்துவமனைகள் வாங்கும் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கத் தொடங்கியது. யார் பணம் கட்டினாலும் அந்த மருத்துவமனையில் அதே விலை.

2005இல் அந்த ஆணையம் கட்டணத்துக்குள் ஒரு சிறு பங்கைச் சேர்த்தது: மருத்துவமனைகளின் வருவாயில் 0.1 விழுக்காடு வரை நர்சிங் கல்விக்கு. ஆயிரம் டாலர் பில்லில் ஒரு டாலர். எல்லா மருத்துவமனைக்கும் ஒரே விதி என்பதால் கொடுத்தவர் ஏமாந்தார், கொடுக்காதவர் பிழைத்தார் என்ற பேச்சுக்கே இடமில்லை. நோயாளிக்கு அந்த ஒரு டாலர் கண்ணில் படாது. மாநிலம் முழுவதும் சேர்ந்தால் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் திரளும். அதை வைத்து ஆசிரியராகப் போகும் நர்ஸுகளுக்கு மேற்படிப்பு உதவித்தொகை, புதிதாகச் சேர்ந்த ஆசிரியருக்குச் சில ஆண்டுகளுக்கு ஊக்கத்தொகை, ஏற்கெனவே கற்பிப்பவர் முனைவர் பட்டம் முடிக்க மானியம், மாணவர் எண்ணிக்கையைக் கூட்டும் கல்லூரிக்கு நிதி என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். முதலில் பத்தாண்டுக்கு என்று தொடங்கிய திட்டம், கெடு முடிந்தபின் மீண்டும் புதுப்பிக்கப்பட்டது.

இதில் தொகையைவிட முக்கியமானது அதன் ஊற்று. ஆண்டு பட்ஜெட்டில் ஒதுக்கும் பணம் அடுத்த ஆட்சியில் வற்றலாம். மருத்துவமனைக் கட்டணத்தோடு கட்டிவைத்த பங்கு, அந்த விதி நீடிக்கும்வரை ஊறும். ஓர் ஆசிரியர் உருவாக எட்டு, பத்து ஆண்டு பிடிக்கும் துறைக்கு அப்படிப்பட்ட பணம்தான் தோதானது.

வார்டே ஆசிரியராகும்போது

பணம் ஒரு வழி. இருக்கும் ஆசிரியரின் கை எட்டும் தூரத்தை நீட்டுவது மற்றொரு வழி. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் உள்ள ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1990களின் பிற்பகுதியில் ஒரு வார்டு முழுவதையும் கற்பிக்கும் வார்டாக மாற்றிப் பார்த்தது. அங்கே மாணவருக்குச் சொல்லித் தருபவர் கல்லூரியிலிருந்து வருபவர் அல்லர். அந்த வார்டிலேயே ஷிப்ட் பார்க்கும் நர்ஸ். அவரிடம் ஓரிரு மாணவர்தான். கல்லூரி ஆசிரியர் அந்த நர்ஸுகளுக்குக் கற்பிக்கும் கலையைச் சொல்லித் தருகிறார். 2003இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லாண்ட் பல்கலைக்கழகம் இதை எடுத்துக்கொண்டது. பத்துப் பேரைத் தானே துரத்திக்கொண்டிருந்த ஆசிரியர், வார்டு நர்ஸுகள் வழியாக அதைவிடக் கூடுதலான மாணவரைக் கவனிக்க முடிகிறது.

ஆனால் ஷிப்ட் வேலைக்கு நடுவே மாணவியையும் பார்த்துக்கொள்வது நர்ஸுக்குக் கூடுதல் பாரம். நல்ல மனத்தை மட்டும் நம்பி அதை எத்தனை நாள் ஓட்டுவது? ஜார்ஜியா மாநிலம் 2014இல், சம்பளம் வாங்காமல் மருத்துவ மாணவருக்குப் பயிற்சி தரும் டாக்டர்களுக்கு வருமான வரியில் சலுகை கொடுத்தது. 2019இல் அதை நேரடி வரிக்கழிவாக மாற்றி, மேற்பயிற்சி பெற்ற நர்ஸுகளுக்கும் நீட்டித்தது.

மூன்றாவது வழி, நோயாளிக்குப் பதில் பொம்மை. மூச்சு விடும், நாடி துடிக்கும், மருந்து கொடுத்தால் அதற்கேற்ப மாறும் பொம்மைகளை வைத்துப் பயிற்சி கொடுத்தால் வார்டு நேரத்தைக் குறைக்கலாமா? இதைத் தேசிய அளவில் சோதித்தது அமெரிக்க நர்சிங் மாநில வாரியங்களின் கூட்டமைப்பு. பத்துக் கல்லூரிகள், அறுநூற்றுக்கும் மேற்பட்ட மாணவர், மூன்று குழுக்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான வார்டு, ஒன்றுக்குக் கால் பங்கு பொம்மை, ஒன்றுக்குப் பாதிப் பங்கு. படிப்பு முடிந்து, உரிமத் தேர்வும் எழுதி, முதல் வேலையில் ஆறு மாதம் ஆகும்வரை பின்தொடர்ந்தார்கள். 2014இல் முடிவு வந்தது: பாதி நேரத்தைப் பொம்மைக்குக் கொடுத்தவர்கள் தேர்விலும் வேலையிலும் பின்தங்கவில்லை.

இதைப் படித்ததும் ஆசிரியரைக் குறைக்கலாம் என்று ஒரு நிர்வாகிக்குத் தோன்றலாம். ஆய்வு சொல்லும் நிபந்தனை நேர் எதிரானது. பொம்மை 'இறந்துபோன' பிறகு மாணவர்களை உட்காரவைத்து, எந்த நிமிடத்தில் எதைக் கவனிக்கத் தவறினாய், அப்போது உன் மனத்தில் என்ன ஓடியது என்று கேட்டுக் கேட்டு வெளியே எடுக்கும் உரையாடலில்தான் கல்வி நடக்கிறது. அதை நடத்தப் பயிற்சி பெற்ற ஆசிரியர் போதிய எண்ணிக்கையில் இருக்க வேண்டும். பொம்மை வார்டின் நெருக்கடியைத் தீர்க்கும். ஆசிரியர் நெருக்கடியைத் தீர்க்காது.

இங்கே என்ன?

இந்தியாவில் நர்சிங் முதன்முதலாகப் பட்டப்படிப்பு ஆனது 1946இல், டெல்லியிலும் வேலூரிலும். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் அங்கே 1909லேயே நர்சிங் பள்ளியைத் தொடங்கியிருந்தார். வகுப்பில் பாடம் எடுப்பவரே வார்டுப் பணியிலும் பொறுப்பேற்பது வேலூரின் பெயர்பெற்ற வழக்கம். சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான சுகாதாரக் குழு 1946இல் வெளியிட்ட அறிக்கை, நாட்டில் இருந்த நர்ஸுகள் ஏறத்தாழ 7,000 என்றது. அதாவது 43,000 மக்களுக்கு ஒருவர்.

2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை, புதிய மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி 157 நர்சிங் கல்லூரிகளுக்கு 1,570 கோடி ரூபாயில் ஒப்புதல் அளித்தது. தமிழ்நாட்டுக்கு 11. ஆண்டுக்கு 15,700 பட்டதாரிகள் வருவார்கள், 24 மாதத்தில் பணி முடியும் என்றார்கள். நான்காண்டுப் படிப்பு என்பதால் எல்லா வகுப்பும் நிரம்பும்போது 62,800 மாணவர். இந்திய நர்சிங் கவுன்சிலின் விதியும் பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர்தான். ஆக, 6,280 ஆசிரியர் வேண்டும். கட்டடத்துக்கு இருபத்துநான்கு மாதம் போதும். பி.எஸ்சி. நான்காண்டு, குறைந்தது ஓராண்டு அனுபவம், எம்.எஸ்சி. இரண்டாண்டு என்று ஒரு முதுகலை ஆசிரியருக்கு ஏழாண்டு வேண்டும். உதவிப் பேராசிரியர் ஆக இன்னும் சில ஆண்டு கற்பித்திருக்க வேண்டும். 2025இல் வகுப்பெடுக்க வேண்டியவர் 2018லேயே முதலாண்டு மாணவியாக உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்தவர்களில் ஒரு பகுதியினர் இப்போது வெளிநாட்டு வார்டுகளில் இருக்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரியில் காலியாக இருக்கும் நாற்காலிக்கான விலையில் ஒரு பங்கை இந்திய வார்டும் கட்டுகிறது.

மேரிலாந்தில் இருப்பதுபோல் எல்லா மருத்துவமனைக்கும் விலை நிர்ணயிக்கும் ஆணையம் இங்கே இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அதில் எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று அரசுதான் தொகை நிர்ணயிக்கிறது. அரசு, தனியார் மருத்துவமனைகள் இரண்டும் அதில் பங்கு பெறுகின்றன. அந்த மருத்துவமனைகள் எல்லாமே யாரோ ஓர் ஆசிரியர் உருவாக்கிய நர்ஸுகளால்தான் நடக்கின்றன. அந்தத் தொகையில் ஆயிரத்துக்கு ஒரு ரூபாயைத் தனியே எடுத்து, நர்சிங் ஆசிரியராக வர ஒப்புக்கொள்பவரின் எம்.எஸ்சி. படிப்புக்கும், வந்தபின் வார்டு சம்பளத்துக்கு இணையான ஊதியத்துக்கும் கொடுக்க முடியும். புதிய கல்லூரிக்கு அடிக்கல் நாட்டும் நாளில் அமைச்சரிடம் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை இடங்கள் என்பதல்ல. அந்த இடங்களுக்குக் கற்பிக்கப்போகும் ஆசிரியர் இப்போது எந்த வகுப்பில் படிக்கிறார், அவருக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்பதுதான்.